சும்மா வந்த கணக்குக்காரன்

புளியங்கொட்டையில தட்டையா இருக்கறதாப் பாத்து எடுக்கணும். உருண்டைக் கொட்டை காகிதத்துல நிக்காது, ஃபேன் காத்துக்கே ஓடிரும். பங்குனி மாசம் எம் பொண்டாட்டி புளி தட்டி முடிச்சதும் நான் கொட்டையக் கெளறிக்கிட்டு உக்காந்துருவேன். ஒரு கை தேறும். சட்டைப் பையில போட்டுக்கிட்டு பழங்காநத்தத்துல பஸ் ஏறி, காளவாசல்ல எறங்கி, இன்னொரு பஸ் மாறி காலேஜுக்குப் போவேன்.

"ஆபீசுக்குக் கொட்டை கொண்டுக்கிட்டுப் போற ஆளு இந்த மதுரையிலயே நீங்க ஒருத்தருதான்" என்பா.

அவளுக்கு அது ஆபீசு. எனக்கு அங்க கணக்கு டிப்பாட்மென்ட்டுல பியூன் வேலை. போர்டு அழிக்கணும், சாக்பீஸ் எடுத்து வைக்கணும், பெல் அடிச்சா ஓடணும். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்ல. எழுத்துக் கூட்டுறதே பஸ் போர்டு பாத்துப் பழகினதுதான். சின்ன வயசுல வண்டியூருக்குக் கெழக்க ஆடு மேச்சேன். பொட்டக்காடும் கம்மாக்கரையுமா கெடக்கும். ஆட்டை எனக்கு எண்ணத் தெரியாது. ஆனா பொழுது சாயப் பட்டிக்குள்ள விடையில எது வரலேன்னு தெரியும். இத எதுக்குச் சொல்றேன்னா, பின்னாடி வேணும்.

அந்த டிப்பாட்மென்ட்டுல ஒரு சார் இருந்தாரு. தெப்பக்குளத்துப் பக்கம் வீடு. ஒல்லியா, வெத்தலை போடாமலே வாய மென்னுக்கிட்டே இருப்பாரு. அவருக்கு ஒரு பெரிய கணக்கு இருந்துச்சு. பாடம் நடத்துற கணக்கு இல்ல, அவரா இழுத்து விட்டுக்கிட்ட கணக்கு. எழுத்தும் நம்பரும் கலந்து, நடுவுல கூட்டல் கழித்தல் போட்டு, கூட்ஸ் வண்டி மாதிரி போய்க்கிட்டே இருக்கும். ஒரு தாள்ல முடியாது. தாளோட தாளா ஒட்டி, ஒட்டி, மைதா மாவுப் பசை காய்ச்சிக் குடுத்ததே நான்தான்.

அவரு வேலை பாக்குற விதம் ஒரு தினுசு. ஒரு கணக்கைப் போட்டுட்டு மூடி வச்சுருவாரு. ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு, மொதல்ல போட்டதப் பாக்காம, அதே கணக்கை இன்னொரு தடவை போடுவாரு. ரெண்டையும் மேசையில பக்கத்துல பக்கத்துல விரிச்சு, என்னைய எதுத்தாப்புல உக்காரச் சொல்லுவாரு. நான் எடது கை வெரல இந்தத் தாள்ல, வலது கை வெரல அந்தத் தாள்ல வச்சு, பைய நகத்திக்கிட்டே வருவேன். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா மேல போவேன். எங்கயாச்சும் ஒரு கோடு, ஒரு சுழி மாறி இருந்தா அங்க ஒரு கொட்டைய வைப்பேன்.

இதுக்கு நான் எதுக்குன்னு ஒரு நா கேட்டேன். பெரிய பெரிய படிப்புப் படிச்ச புள்ளைக இருக்காகள்ல சார்னு.

"அவங்களுக்கு அர்த்தம் தெரியும்யா. அர்த்தம் தெரிஞ்ச கண்ணு தாவிரும். இதுதான் வரும்னு அதுவா நெனச்சுக்கிட்டு அடுத்த வரிக்குப் போயிரும். நீ தாவ மாட்ட" என்னாரு.

அத நான் வீட்டுல வந்து சொன்னேன். "ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்கறத எம்புட்டு நைசாச் சொல்லியிருக்காரு பாத்தீகளா" என்னா எம் பொண்டாட்டி. சொல்லிட்டுப் போறா. மத்தியானம் ஆச்சுன்னா சார் ரூமுல நாற்காலியில உக்காந்த பியூன் அந்தக் காலேஜுலயே நான் ஒருத்தன்தான். மத்தவுக எல்லாம் வராந்தாவுல ஸ்டூலு.

சாயங்காலம் கேப்பாரு, "இன்னைக்கு எத்தனை கொட்டை?"

"இல்ல சார்."

"ஒண்ணு கூட இல்லியா? அப்பப் போய் டீ வாங்கியா."

கொட்டை இருந்தா டீ கெடையாது. அவரு மொகமும் நல்லா இருக்காது. நான் வச்ச கொட்டைதான, என்னமோ நானே தப்புப் போட்ட மாதிரி இருக்கும். இப்படியே சில வருசம் ஓடிச்சு. கணக்கு மட்டும் கடைசியில அவரு நெனச்ச எடத்துக்கு வந்து சேர மாட்டேன்னுச்சு. கிட்ட வரும், நின்னுரும்.

எம்பத்தஞ்சோ ஆறோ, காலேஜுக்குக் கம்ப்யூட்டர் வந்துச்சு. அதுக்குன்னு ஒரு ரூமு, ஜன்னலுக்கெல்லாம் பலகை அடிச்சு, ஏசி மாட்டினாக. ஏசி பாக்க, ஜெனரேட்டர் ஓட்ட ஆள் வேணும்னு வந்தப்ப, என் சகலைய நாந்தான் கூட்டிட்டுப் போனேன். எம் பொண்டாட்டியோட தங்கச்சி புருசன். அதுக்கு முன்னாடி ஒரு சினிமாக் கொட்டகையில ஏசி மிசின் பாத்துக்கிட்டு இருந்தான். எட்டாப்பு படிச்சவன். வாய் மட்டும் காலேஜு முடிச்சிருக்கும்.

மொத மாசமே ஆரம்பிச்சுட்டான். நான் சாருக்கு ஒரு தாள் குடுக்க உள்ள போகப் போறேன், வாசல்ல மறிச்சுட்டான்.

"அண்ணே, செருப்பு."

"நான் தாளக் குடுத்துட்டு வந்துர்றேன்ப்பா."

"பிரின்சிபாலே கழட்டிட்டுத்தாண்ணே வாராரு. தூசி ஆகாது அதுக்கு. காலக் கொஞ்சம் தொடச்சுட்டு வாங்க."

நான் கூட்டியாந்த பய, என்னையக் காலத் தொடைக்கச் சொல்றான்.

வீட்டுல இதவிட. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் தண்ணிக் கொழாயில சந்திச்சுக்கிட்டா போதும், எனக்கு அன்னைக்கு ராத்திரிச் சோத்துல உப்பு கூடிரும். "என் தங்கச்சி வீட்டுக்காரரு சட்டை காலையில போட்டது போட்டபடி இருக்கு. வேர்வையே கெடையாதாம். சித்திரை மாசத்துல ஸ்வெட்டர் கேட்டிருக்காரு." சித்திரை மாசத்துல மதுரையில ஸ்வெட்டரு. என் சட்டையப் பிழிஞ்சா ஒரு சொம்பு தண்ணி வரும்.

சரி, கதைக்கு வாரேன். ஒரு நா சார் என்னையக் கூப்புட்டு, கறுப்பா சதுரமா கொஞ்சம் தகடு குடுத்தாரு. அப்பளம் மாதிரி வளையுது. அதுக்குப் பேரு பிளாப்பி. மெட்ராசுல சொல்லி வாங்கியிருக்காரு. "இதுக்குள்ள ஒண்ணும் இல்ல, வெறும் தட்டு. வெளிநாட்டுக்கு அனுப்பணும். மடங்காமப் பொதிஞ்சு தையி" என்னாரு.

அந்தக் காலத்துல பார்சல்னா துணி வச்சுத் தைக்கணும், அரக்கு உருக்கி ஒட்டணும். அதுல நான் கெட்டிக்காரன். அட்டை மேலயும் கீழயும் குடுத்து, எம் பொண்டாட்டி பழைய வெள்ளைப் பாவாடைய வெட்டி, கோணி ஊசியால நெருக்கமாத் தையல் போட்டேன். தபாலாபீசுல இருந்த அம்மா தையலத் தடவிப் பாத்து, "டெய்லராண்ணே?" என்னுச்சு. அம்புட்டு அழகாத் தைச்சேன். எனக்கு வரப்போற சக்களத்திக்கு நானே வண்டி கட்டி அனுப்புறேன்னு அப்பத் தெரியாது.

சில மாசம் கழிச்சுத் திரும்பி வந்துச்சு. அதே தட்டுகதான். இப்ப உள்ள சரக்கு இருக்குங்குறாரு. பிரிச்ச கையோட கம்ப்யூட்டர் ரூமுக்கு ஓடினாரு. நான் பின்னாடியே போய், செருப்பக் கழட்டிட்டு, ஓரமா நின்னேன்.

"இது என்னா சார் செய்யும்?"

"கணக்குப் போடும். சாதாக் கம்ப்யூட்டர் நம்பரத்தான் கூட்டும் பெருக்கும். இந்தப் புரோகிராம் எழுத்த எழுத்தாவே வச்சுக்கிட்டுப் போடும். நான் போடுறேன்ல, அத."

"அந்தப் பெரிய கணக்கையா?"

"அதையேதான்."

"எம்புட்டு சார் வெலை?"

"வெலை இல்லய்யா. சும்மாத்தான் குடுக்குறாங்க. கணக்கு ஆராய்ச்சி பண்றவங்க அவங்களுக்குள்ள எழுதி, யாரு கேட்டாலும் குடுப்பாங்க. தட்டு மட்டும் நம்ம அனுப்பணும். உள்ள அவங்க எப்படிப் போட்டிருக்காங்கன்னு கூடத் தெறந்து பாக்கலாம்."

சும்மா எவனாச்சும் குடுப்பானா. முகம் தெரியாத ஆளு, ஊரு தெரியாத ஆளு. பக்கத்து வீட்டுக்காரி ஒரு கிண்ணம் கொழம்பு குடுத்தாலே எம் பொண்டாட்டி அந்தக் கிண்ணத்தக் கழுவி வெறுமனே திருப்ப மாட்டா. ஒரு கை பொரிகடலையோ, ரெண்டு முருங்கைக்காயோ போட்டுத்தான் குடுப்பா. இத நான் சாரிட்டச் சொன்னேன். "ஏனம் வந்தா வெறுமனே போகக் கூடாது சார். அவுக மனசுல ஒண்ணு வச்சிருப்பாக" என்னேன். சந்தேகத்தக் கெளப்பி விடத்தான் சொன்னேன். அவரு வாய மென்னுக்கிட்டே என்னையப் பாத்தாரு. "நல்லாச் சொன்னய்யா" என்னுட்டுத் திரும்பிக்கிட்டாரு.

அதுக்கப்புறம் மத்தியானம் மத்தியானம் அவரு அந்த ரூமுலதான். நாற்காலி காலியாக் கெடக்கும். நான் தொடச்சு வைப்பேன். என் நாற்காலியையும் தொடச்சு வைப்பேன். கதவுக் கண்ணாடி வழியாப் பாத்தா, எங்கிட்டப் பேசின மாதிரியே அதுகிட்டப் பேசிக்கிட்டு இருப்பாரு. "ஏன்டா, எங்கடா போச்சு அது" அப்படின்னு. அந்த 'ஏன்டா'தான் எனக்குப் பொறுக்கல. என்னைய அவரு 'நீ வாய்யா போய்யா'தான். மிசினுக்கு 'டா'. பெத்த புள்ளையக் கூப்புடுற மாதிரி.

பெரிய கணக்கை உள்ள குடுத்த அன்னைக்கு, காலையில ஆரம்பிச்சது மத்தியானம் வரைக்கும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. பச்சையா ஒரு புள்ளி மினுக்கு மினுக்குன்னுச்சு, வேற ஒண்ணும் இல்ல. நான் வராந்தாவுல உக்காந்து பாண்டி சாமியக் கும்பிட்டேன். கரண்டு போகணும்னு. போச்சு. நம்ம ஊரு கரண்டுக்கு சாமி வேற வேணுமா.

சகலை ஜெனரேட்டருக்கு ஓடினான். அவன் போட்டு முடிக்கிறதுக்குள்ள கம்ப்யூட்டரு செத்து எந்திரிச்சிருச்சு. எந்திரிச்சா முன்னாடி போட்டது ஒண்ணும் ஞாபகம் இருக்காதாம். ஒரு மனுசன் மயக்கம் போட்டு எந்திரிச்சாக் கூட பொண்டாட்டி பேரச் சொல்லுவான். மறுநாளும் ஓட்டினாக, மறுநாளும் கரண்டு போச்சு. நான் டீ வாங்கிக் குடுத்துட்டு, "நம்ம பழைய மாதிரியே போட்டுருவோமே சார்" என்னேன்.

"அண்ணனுக்கு மிசினு மேல கண்ணு" என்னான் சகலை. "கொட்டகையில சாமி படம் ஓடுனா சுத்துற மாதிரி அதுக்கும் ஒரு பூசணிக்காயச் சுத்திருவோம் சார்."

சார் சிரிச்சாரு. அவன் பேச்சுக்குச் சிரிக்கிறாரு.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழமை. ஞாயித்துக்கெழமை மில்லுக எல்லாம் லீவு, கரண்டு போகாதுன்னு சகலைதான் யோசனை சொல்லியிருக்கான். என்னையக் கூப்புடல. திங்கக்கெழமை நான் போறப்ப, ரெண்டு ஓரத்துலயும் ஓட்டை போட்ட மிசின் தாளு, மடிப்பு மடிப்பா, சார் மேசையில கெடக்கு. கணக்கு முடிஞ்சிருச்சு.

"உக்காருய்யா" என்னாரு சார். ரொம்ப நாளைக்கப்புறம். "எடது பக்கம் நம்ம கையால போட்டது. வலது பக்கம் அது போட்டது. கொட்டை இருக்கா?"

எப்பவும் பையில இருந்துச்சு.

"சும்மா குடுத்ததுதான். தப்பா இருந்தா அவங்க பொறுப்பு இல்லேன்னு அவங்களே எழுதியிருக்காங்க. நீ பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்னாரு.

நான் வெரல வச்சேன். மொத எடத்துலயே கொட்டை. ரெண்டாவதுலயும் கொட்டை. கொட்டை மேல கொட்டை. சார் எழுத்தோட தலைக்கு மேல ஏத்திக் குட்டியா எழுதுற நம்பர, மிசினு பக்கத்துல நட்சத்திரம் மாதிரி ரெண்டு பூப்போட்டு வரிசையிலயே அடிச்சிருந்துச்சு. வரிசையும் நம்ம வரிசை இல்ல. நம்ம மொதல்ல வச்சத அது கடைசியில வச்சிருக்கு. சகலை வாசல்ல நின்னு பாத்துட்டு, "அண்ணே, கொட்டை பத்தாது போலயே. புளி மண்டிக்குச் சொல்லி விடவா?" என்னான்.

நான் கொட்டைய எல்லாம் அள்ளிப் பையில போட்டேன். ஆடுக காலையில போன வரிசையிலயா சாயங்காலம் திரும்புது? எப்படி வந்தா என்ன, எது வரலேன்னு பாத்தாப் போதும். பென்சில் எடுத்தேன். சார் தாள்ல ஒண்ண எடுத்துக்கிறது, அது மிசின் தாள்ல எங்க இருக்குன்னு தேடுறது, கெடச்சா ரெண்டு மேலயும் ஒரு புள்ளி. பூ வச்ச நம்பர் எதுன்னு சார் ஒரு தடவை காட்டினாரு, அப்புறம் பழகிருச்சு. நாளு போய்க்கிட்டே இருந்துச்சு. சார் பாடம் முடிஞ்சு வருவாரு, எட்டிப் பாப்பாரு, போவாரு. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. அந்த நாற்காலி, அந்த ஃபேன் சத்தம், அவரு எம் முதுகுக்குப் பின்னாடி நிக்கிறது.

கடைசியில எல்லாத்துக்கும் புள்ளி விழுந்துச்சு, ஒண்ணத் தவிர. நம்ம தாள்ல கழித்தல். அதே உருப்படி அங்கிட்டுக் கூட்டல். நான் ரெண்டு தாளையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். தாள்ல அழுக்கு இல்ல, மை பரவல. பையிலயே நல்ல தட்டைக் கொட்டையா ஒண்ணு எடுத்து, மிசின் தாள் மேல வச்சேன். வழக்கமா ரெண்டு தாளுக்கும் நடுவுல வைக்கிறது. அன்னைக்கு மிசின் மேலதான் வச்சேன்.

"சார், இங்க வாங்க. ஒரே ஒரு கொட்டை."

அவரு குனிஞ்சு பாத்தாரு. சகலையும் வந்துட்டான்.

"சும்மா வந்த மாட்டுக்குப் பல்லு ஒண்ணு கொறையுதுப்பா" என்னேன் நான், அவனப் பாத்து.

சார் போர்டுக்குப் போனாரு. அந்த ஒரு எடத்த மட்டும் எடுத்துப் போட்டாரு. அழிச்சாரு. திரும்பப் போட்டாரு. சாக்பீஸ் ஒடஞ்சுச்சு, நான் இன்னொண்ணு குடுத்தேன். வாய மெல்லுறது நின்னுபோச்சு.

"நாந்தான்யா தப்பு" என்னாரு.

"நீங்க ரெண்டு தடவை போட்டீகளே சார். ரெண்டும் ஒத்துப் போச்சே. நான் பாத்தனே."

"ரெண்டு தடவையும் அதே எடத்துல அதே தப்பப் போட்டிருக்கேன். ஒரே ஆளு ஒரே ரோட்டுல ரெண்டு தடவை போனா அதே பள்ளத்துலதான விழுவான். நீ என்ன செய்வ?"

நீ என்ன செய்வன்னு அவரு ஆறுதலாத்தான் சொன்னாரு. எனக்குக் குத்துச்சு. அம்புட்டு வருசமா நான் வெரல நகத்துனேன், டீ வாங்கியாந்தேன். அந்தப் பள்ளத்து மேலேயே நடந்து போயிருக்கேன், அதுல கொட்டை விழவே விழாது.

ஆனா சார் சிரிக்க ஆரம்பிச்சுட்டாரு. பல்லு தெரிய, வகுத்தப் பிடிச்சுக்கிட்டு. தப்புன்னு தெரிஞ்சா மொகம் சுருங்குற மனுசன். அந்தக் கழித்தலு கூட்டலு ஆனதும், எங்க வந்து நின்னுக்கிட்டே இருந்துச்சோ, அங்க கணக்கு சேந்துருச்சாம். "வந்துருச்சுய்யா, வந்துருச்சு" என்னுக்கிட்டே கம்ப்யூட்டர் ரூமுக்கு ஓடினாரு. செருப்பக் கழட்டல. மிசின் தலையில தட்டிக் குடுத்தாரு. "டேய், நீ சொன்னதுதான்டா சரி" என்னாரு. சகலை செருப்பப் பத்தி வாயத் தெறக்கல. நான் வாசல்லயே நின்னேன், கால்ல செருப்போட. என்னையும் யாரும் ஒண்ணும் கேக்கல. ஆனா நான் உள்ள போகல.

கொஞ்ச நாள்ல சார் திரும்ப ஒரு தட்டக் குடுத்தாரு. பார்சல் தைக்க.

"இதுக்குள்ள நம்ம கணக்கு இருக்கு. போட வேண்டியதும், வர வேண்டிய விடையும். ஏனம் வெறுமனே போகக் கூடாதுன்னு நீதான சொன்ன."

தைச்சேன். இந்தத் தடவை தையல் கொஞ்சம் அகலமாத்தான் விழுந்துச்சு. தபாலாபீசு அம்மா ஒண்ணும் சொல்லல.

அங்கிருந்து பதில் வந்தத சார் கம்ப்யூட்டர் ரூமுல வச்சு எனக்குப் படிச்சுச் சொன்னாரு. நம்ம கணக்க அவுக அந்தப் புரோகிராமுக்குள்ளயே வச்சுட்டாகளாம். இனிமே எந்த ஊர்ல எவரு அத வாங்கிப் புதுசா மிசின்ல ஏத்தினாலும், மொதல்ல அது நம்ம கணக்கப் போட்டுப் பாக்குமாம். வந்த விடையையும், உள்ள வச்சிருக்க நம்ம விடையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, அதுவே சரி பாத்துக்குமாம்.

"வித்தியாசம் இருந்தா என்னா சார் செய்யும்?"

"ஒரு வரி அடிச்சுக் காட்டும்."

"இல்லேன்னா?"

"ஒண்ணும் சொல்லாது."

சகலை ஏசி மிசின்ல கைய வச்சுக்கிட்டு நின்னவன், "அண்ணே, ஒங்க வேலையத்தாண்ணே ஊரு ஊராப் பாக்கப் போகுது. அதுவும் சம்பளம் இல்லாம" என்னான். அவன் கேலியாத்தான் சொன்னானா, மெச்சித்தான் சொன்னானா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அவன்கிட்ட அந்தக் கொணம் உண்டு, ரெண்டுல எதுன்னு பிடி குடுக்க மாட்டான்.

எனக்கு அந்த மிசினுகள எல்லாம் நெனச்சுப் பாக்கணும் போல இருந்துச்சு. எங்கெங்கயோ, ஏசி போட்ட ரூமுல, எடது பக்கம் ஒண்ணு வலது பக்கம் ஒண்ணு வச்சு, தாவாம, பைய. எவனாச்சும் எதுத்தாப்புல உக்காந்திருப்பான். அந்த நாற்காலி யாரு நாற்காலின்னு அவனுக்குத் தெரியுமா.

"வித்தியாசம் இல்லேல்ல?" என்னாரு சார். "அப்பப் போய் டீ வாங்கியாய்யா. மூணு."

நான் கடைக்குப் போய் ரெண்டு டீதான் வாங்கினேன். ஏசியில இருக்கவனுக்கு எதுக்கு டீ. ஸ்வெட்டர் போட்டுக்கிடட்டும். வந்து சாருக்கு ஒண்ணு குடுத்தேன், எனக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டேன்.

"தம்பிக்கு?"

"பால் தீந்துபோச்சாம் சார்."

சார் சரின்னு தலையாட்டிட்டு, மேசையில கவுத்தி வச்சிருந்த தண்ணி டம்ளர எடுத்து, தன்னோட டீயில பாதிய அதுல ஊத்தி அவன்கிட்ட நீட்டினாரு. அம்புட்டு வருசம் எதுத்தாப்புல உக்காந்தேன். எனக்கு ஒரு நாளும் அவரு டம்ளர்ல இருந்து ஊத்துனது கெடையாது.